தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு மின் கிட்டார்!

2011 ஆகஸ்ட் 24. அமெரிக்காவின் நாஷ்வில், மெம்பிஸ் நகரங்களில் இருந்த கிப்சன் கிட்டார் ஆலைகளுக்குள் துப்பாக்கியோடு மத்திய அரசு அதிகாரிகள் நுழைந்தார்கள். வேலையில் இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவர்கள் அள்ளிக்கொண்டு போனது மரப்பலகைகளை. இந்தியாவிலிருந்து போன ஈட்டியும் (இந்திய ரோஸ்வுட்) கருங்காலியும். கிட்டாரின் கழுத்தில் விரல் பதிகிற மேல்பட்டைக்காக அறுத்து அனுப்பப்பட்ட துண்டுகள் அவை.

அந்த அளவில் அறுத்த துண்டுகளை இந்தியச் சட்டப்படி ஏற்றுமதி செய்யலாமா, கூடாதா என்பதுதான் தகராறு. வேற்று நாட்டில் விதியை மீறி வெட்டிய, அனுப்பிய மரத்தை வாங்குவதும் குற்றம் என்று அமெரிக்காவின் லேசி சட்டம் 2008-ல் திருத்தப்பட்டிருந்தது. 2012 ஆகஸ்டில் சமரசம் ஆயிற்று. 2009-ல் சிக்கிய மடகாஸ்கர் கருங்காலிக்காக கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. இந்திய மரம் மட்டும் அதற்கே திரும்பக் கிடைத்தது. அந்தத் துண்டுகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில் இந்திய ஏற்றுமதி விதிகளிலேயே தெளிவில்லை என்பதை அமெரிக்க நீதித்துறையும் ஒப்புக்கொண்டிருந்தது.

இத்தனை ஆர்ப்பாட்டமும் ஒரு முழ நீளம், ஆறு மில்லிமீட்டர் தடிமன் உள்ள பட்டைக்காக.

ஈட்டிக்கு அப்படி என்ன கிராக்கி? ரோஸ்வுட் என்று உலகம் சொல்வது முதலில் பிரேசில் நாட்டு மரத்தை. 1960-களின் கடைசியில் பிரேசில் உருட்டுக் கட்டைகளை வெளியே விட மறுத்தது. 1969-ல் அமெரிக்காவின் பழம்பெரும் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. மற்றவர்களும் அதே வழியில் வந்தார்கள். அன்று தொடங்கி நீலகிரி, வயநாடு, குடகுப் பக்கத்து மரம் உலகத்துக் கிட்டார்களின் கழுத்தில் ஏறிக்கொண்டது. 1992-ல் பிரேசில் ரோஸ்வுட் வணிகமே தடைசெய்யப்பட, நம் மரத்தின் மேல் பாரம் இன்னும் கூடியது. தமிழ்நாடு அரசு 1994-ல் ஈட்டியைக் காப்பதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. பட்டா நிலத்தில் நின்றாலும் நினைத்த நேரத்தில் கோடரி வைக்க முடியாது என்றாயிற்று. 2017 ஜனவரி 2 முதல் ஈட்டியின் குடும்பம் முழுவதும், அதாவது டால்பெர்ஜியா இனங்கள் அனைத்தும், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டும் இசைக்கலைஞர்கள்கூடக் காகிதம் காட்ட வேண்டி வருமோ என்று பயந்தார்கள். கூச்சல் பெரிதாகி, 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. அதற்குள் ஃபெண்டர் நிறுவனம் மெக்சிகோவில் செய்யும் கிட்டார்களில் ரோஸ்வுட்டை விட்டு, தென் அமெரிக்காவின் பாவ் ஃபெரோவுக்குப் போய்விட்டது.

ஈட்டி இல்லாவிட்டால் கிட்டார் இல்லையா? இந்தக் கேள்வியை நாஷ்வில்லில் கேட்பதைவிட மணலூர்பேட்டையில் கேட்பது நல்லது.

தென்பெண்ணைக் கரையில் உள்ள பேரூராட்சி இது. தை மாதம் 5-ம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு இங்கே வருவார். ஆற்றுமணல் முழுக்கக் கூட்டமாக இருக்கும். மேற்கே கல்வராயன் மலை. ஊர் இருப்பது திருக்கோவிலூர் வட்டத்தில். அங்கேதான் விஷயம் இருக்கிறது. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் முக்கியமாகச் செய்யப்படுவது கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் ஆகிய மூன்று வட்டங்களில். உளியைப் பிடித்தால் மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கையாலேயே சொல்லிவிடும் குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக இருக்கின்றன. சாமி சிலை, கதவு, வாகனம் என்று செதுக்கும் அந்தக் கைக்கு மின் கிட்டார் எட்டாத வேலையா?

எட்டாத வேலை இல்லை. இன்னும் சொன்னால், கம்பி வாத்தியங்களில் ஒரு தச்சருக்கு மிக எளிதாக வசப்படுவது மின் கிட்டார்தான். அதன் காரணம் இயற்பியலில் இருக்கிறது.

மரம் பாடுகிறதா, தாங்குகிறதா?

வீணையின் குடம் பாடுகிறது. தந்தியின் அதிர்வைக் குதிரை வழியாக வாங்கி, மெல்லிய பலகை காற்றை அசைக்கிறது. அங்கே மரம் மாறினால், தடிமன் ஒரு நூல் மாறினால், நாதமும் மாறும். பலாவைத் தவிர வேறெதையும் தஞ்சாவூர் வீணைக்காரர்கள் எளிதில் தொடுவதில்லை. அந்தப் பலாவும் பெரும்பாலும் வருவது நமக்குப் பக்கத்தில் இருக்கும் பண்ருட்டியிலிருந்து.

மின் கிட்டாரின் வழி வேறு. எஃகுக் கம்பிக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றி மயிரிழைச் செப்புக் கம்பியும் இருக்கின்றன. இதற்குப் பெயர் பிக்கப். கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது, ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்குகிறது. காற்றில் போகும் ஒலியை பிக்கப் கேட்பதில்லை. கம்பியின் அசைவு ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

வரலாறும் இதையே சொல்கிறது. 1932-ல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் முதல் மின் கிட்டாரில் மரமே கிடையாது. வார்ப்பு அலுமினியம், உருவத்தைப் பார்த்து 'வாணலி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1940-ஐ ஒட்டி லெஸ் பால் என்ற கலைஞர் நாலுக்கு நாலு அங்குல பைன் கட்டை ஒன்றில் கம்பியைக் கட்டி வாசித்தார். பார்க்கச் சகிக்கவில்லை என்று ஜனங்கள் முகம் சுளிக்க, ஒரு பழைய கிட்டாரை இரண்டாக அறுத்து இரு பக்கமும் ஒட்டிக்கொண்டார். சத்தத்துக்காகச் செய்ததல்ல, கண்ணுக்காகச் செய்தது. 1950-களில் டேன்எலெக்ட்ரோ நிறுவனம் அலமாரிக்குப் பின்னால் அடிக்கும் ஹார்டுபோர்டில் கிட்டார் செய்து விற்றது. பின்னாளில் லெட் செப்பெலின் குழுவின் ஜிம்மி பேஜ் அதை மேடையில் வாசித்தார்.

2018-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். மின்சாரம் இல்லாத சாதாரண கிட்டார்கள் ஆறு. முதுகு, பக்க மரம் மட்டும் வேறு வேறு. பிரேசில் ரோஸ்வுட், இந்திய ஈட்டி, மகாகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். 52 கிட்டார் கலைஞர்களுக்கு வெல்டர் கண்ணாடி மாட்டி, மங்கிய வெளிச்சத்தில் வாசிக்கச் சொன்னார்கள். எது எந்த மரம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மதிப்பெண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே விழுந்தது. மரத்துக்கு அதிக வேலை உள்ள சாதாரண கிட்டாரிலேயே இந்தக் கதை. நாஷ்வில் இசைக்கலைஞர் ஜிம் லில் இன்னொரு படி மேலே போனார். கிட்டாரே வேண்டாம் என்று இரண்டு பட்டறை மேசைகளுக்கு நடுவே, அந்தரத்தில், கம்பிகளை இழுத்துக் கட்டினார். கீழே அதே பிக்கப், அதே உயரத்தில். பதிவில் கேட்டால் அவருடைய விலை உயர்ந்த டெலிகாஸ்டர் கிட்டாருக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம்.

மரவெறியர்கள் இதை ஏற்க மாட்டார்கள். ஏற்காமல் போகட்டும், ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கழுத்து மெல்லியது, நீளமானது, தானும் லேசாக ஆடக்கூடியது. அதன் ஆட்டமும் ஒரு சுரத்தின் அதிர்வும் ஒத்துப்போகிற இடத்தில் கழுத்து கம்பியின் சக்தியை உறிஞ்சிவிடும். அந்த இடத்தில் சுரம் சட்டென்று சாகும். உலகத்தின் நல்ல நல்ல கிட்டார்களிலும் இப்படிச் செத்த இடங்கள் உண்டு. ஆகவே உடலுக்கு எந்த மரம் என்று இரவெல்லாம் யோசிப்பவர்கள், அந்தக் கவலையில் பாதியைக் கழுத்துக்குத் தரலாம்.

தோளில் மாட்டிப் பார்த்தால் தெரியும்

உடல் மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தராசுக்கு முதலிடம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் வடிவ உடலின் கன அளவு, குழிகளைக் கழித்து, ஏறத்தாழ 4 லிட்டர். ஒரு கன மீட்டர் மரம் எத்தனை கிலோ என்று தெரிந்தால் மீதியை மனக்கணக்காகப் போட்டுவிடலாம். ஃபெண்டர் 1956 முதல் அதிகம் பயன்படுத்திய ஆல்டர் மரம் கன மீட்டருக்கு சுமார் 450 கிலோ; உடல் இரண்டு கிலோவுக்குள் அடங்கும். கழுத்தும் இரும்புச் சாமான்களும் சேர்ந்து இன்னொரு ஒன்றரை கிலோ. ஒரு கச்சேரி முழுக்கத் தோள் தாங்கும்.

அதே கணக்கை நம்மூர் மரங்களுக்குப் போட்டுப் பார்ப்போம். வேங்கை கன மீட்டருக்கு 800 கிலோவை ஒட்டி வரும். உடலே மூன்று கிலோவைத் தாண்டும். கதவு நிலைக்கு அருமையான மரம், கிட்டார் உடலுக்கு வேண்டாம். தேக்கு 650 கிலோ. கட்டும், ஆனால் எண்ணெய்ப் பசை உள்ள மரம். ஒட்டும் முன் துடைக்க வேண்டும், அதன் உள்ளே இருக்கும் சிலிக்கா இழைப்புளியின் முனையைச் சீக்கிரம் மழுக்கும். செக்குக்குப் பெயர்போன வாகையும் ஏறக்குறைய தேக்கின் எடைதான். வயிரத்தின் பழுப்பு நிறமும் வரியும் பார்க்க அழகு; கனத்தைக் குறைக்க உள்ளே கொஞ்சம் குடைந்துகொள்ளலாம். பலா 600. மஞ்சளாக இருந்து வருஷம் போகப் போகத் தேன் நிறத்துக்கு இறங்கும். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் உழைத்த மரம் கிட்டாருக்கு மட்டும் ஆகாதென்று யார் சொன்னது?

இந்த வரிசையில் யாரும் மதிக்காத மரம் தூங்குமூஞ்சி. நெடுஞ்சாலை ஓரத்திலும் பள்ளிக்கூட வளாகத்திலும் குடை விரித்து நிற்கும். சாலையை அகலப்படுத்தும்போது முதல் வெட்டு அதற்கே விழும். கணிசமான பகுதி விறகாகப் போகிறது. கன மீட்டருக்கு 530 கிலோ சொச்சம், மகாகனியின் எடைதான். உடல் இரண்டேகால் கிலோவுக்குள் வரும். அடிமரம் அகலமாக இருப்பதால் ஒட்டுப் போடாத ஒரே பலகையிலிருந்தே உடலை அறுத்தெடுக்கலாம். வயிரம் சாக்லேட் நிறம், ஓரம் வெளிர் மஞ்சள். அந்த இரண்டு நிறமும் சேரும் கோடு எந்தப் பெயின்ட்டும் தராத அழகு. இதே மரத்தில் ஹவாய்த் தீவுகளில் உகுலேலே செய்கிறார்கள். அறுக்கும்போது தூசி மூக்கைக் குத்தும், முகமூடி கட்டாயம். நார் பல இடங்களில் திசை மாறி ஓடுவதால் இழைப்புளி பிய்த்துவிடும். பொறுமையும் கூரான அலகும் வேண்டும். சிலை செதுக்குகிறவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல.

பண்ணைக் காடுகளில் இப்போது எங்கும் நிற்கும் மலைவேம்பு இன்னும் லேசு. தீக்குச்சிக்கும் பிளைவுட்டுக்கும் என்று நட்ட மரம்; ஆணி பிடிக்கும் வலு குறைவு. உடலின் நடுவில் கனமரம் ஒன்றை வைத்து இரு பக்கமும் மலைவேம்பு ஒட்டலாம். மலைப்பக்கத்து சந்தனவேம்பு கிடைத்தால் விடக் கூடாது. வடநாட்டில் 'துன்' என்ற பெயரில் சிதார் செய்யும் மரம் அதுதான், மகாகனிக்கு நெருங்கிய உறவும்கூட.

ஒரு உடலுக்கு வேண்டிய கட்டை, 20 அங்குல நீளம், 14 அங்குல அகலம், ஒன்றே முக்கால் அங்குல தடிமன். கன அடிக் கணக்கில் கால் அடிக்குச் சற்று மேல். மரவாடியில் கதவுக்கு அறுத்துக் கழித்த துண்டுகளிலேயே கிடைத்துவிடும் அளவு இது.

எடை கூடினால் என்ன ஆகும் என்பதற்கு பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் சாட்சி. 1969 ஜனவரி 30-ல் லண்டன் மொட்டை மாடியில் அந்தக் குழு வாசித்த கடைசி மேடையில் அவர் கையில் இருந்தது, ஃபெண்டர் அவருக்காகவே முழுக்க முழுக்க ரோஸ்வுட்டில் செய்து கொடுத்த டெலிகாஸ்டர். அதே மாதிரியைப் பிறகு கடைக்குக் கொண்டுவந்தபோது, பாரம் தாளாமல் உள்ளே குடைந்து விற்கும்படி ஆயிற்று.

பச்சை மரம் பழிவாங்கும்

மரத்தின் சாதியைவிட முக்கியமானது அதன் காய்ச்சல். இதில் தோற்றால் வேறெதில் ஜெயித்தும் பயனில்லை. பலகை காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. வளையக் கோடுகளின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைவிடப் பெரும்பாலும் இரு மடங்கு. அதனால்தான் பலகை கிண்ணமாகக் குழிகிறது, முறுக்கிக்கொள்கிறது. கதவில் இது நேர்ந்தால் இழைத்துச் சரிசெய்து தாழ்ப்பாளை மாற்றிப் போடலாம். கிட்டார் கழுத்தில் அரை மில்லிமீட்டர் முறுக்கு வந்தாலே கம்பி, விரல் பலகையில் பதித்த உலோகக் கோடான ஃப்ரெட்டில் உரசி இரையும்.

ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு வருஷம் நிழலில் அடுக்கி வைக்க வேண்டும் என்பது உலகத் தச்சர்களின் பழைய கணக்கு. அவசரக்காரர்களுக்குச் சூளை உண்டு. இரண்டும் இல்லாதவர்களுக்குப் பழைய வீடு உண்டு. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள். 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம் வேண்டும். அதைக் காட்டில் தேடாமல், இடித்த வீடுகளின் உத்தரங்களில் தேடுகிறார்கள். பல பத்தாண்டுகள் கூரையைத் தாங்கிய மரம் இனிமேல் வளையாது.

அறுபது வருஷங்களுக்கு முன் லண்டன் பக்கம் ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கும் இதே யோசனை வந்தது. ஃபெண்டர் வாங்கக் காசில்லை. 1963-ல் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்ய உட்கார்ந்தான். கழுத்துக்கு நூறு வருஷத்துக்கும் மேல் பழைய கணப்படுப்பின் மேல்சட்டம், மகாகனி. அதில் இருந்த பூச்சித் துளைகளைத் தீக்குச்சி செருகி அடைத்தார்கள். உடலின் நடுக்கட்டை பழைய ஓக் மேசை. கம்பியை ஆட்டும் டிரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங் இரண்டு, அதன் கைப்பிடி நுனிக்கு ஸ்வெட்டர் பின்னும் ஊசியின் முனை. கழுத்தில் வெள்ளைப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். இரண்டு வருஷம் பிடித்தது, செலவு எட்டு பவுண்டு அளவில். பையன் பெயர் பிரையன் மே. குயின் குழுவின் பாட்டுகளில் கேட்கும் கிட்டார் அதுதான். 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையில் நின்று அவர் வாசித்ததும் அதே கிட்டாரைத்தான்.

திருக்கோவிலூர்ப் பக்கம் இடிபடும் ஓட்டு வீடுகளில் தேக்குத் தூண், வேங்கை உத்தரம், பலாக் கதவு எல்லாம் வெளியே வருகின்றன. கழுத்துக்கு இவற்றைவிட நல்ல கச்சாப் பொருள் வேறெங்கே கிடைக்கும்? ஆணி ஒளிந்திருக்கும், ரம்பம் போடும் முன் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும். கழுத்தை ஒரே துண்டில் செய்யாமல் தேக்கு, வேங்கை, தேக்கு என மூன்று பட்டையாக ஒட்டினால் ஒன்றின் முறுக்கை மற்றது பிடித்து நிறுத்தும். வளையக் கோடுகள் விரல் பலகைக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுப்பது முக்கியம். ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் இழுவை சுமார் 45 கிலோ. ராத்திரி பகல் ஓயாத இழுவை. அதை எதிர்த்து நிற்க உள்ளே ஒரு எஃகுக் கம்பியைப் புதைத்துத் திருகாணியால் முறுக்குவார்கள். கிப்சன் ஆலையின் தாடியஸ் மெக்யூ இதற்கு 1923-ல் காப்புரிமை வாங்கினார். நம்மூர் லேத் பட்டறையில் ஒரு மத்தியான வேலை.

விரல் பலகைக்கு ஈட்டி இல்லாமல் என்ன? ஆச்சா இருக்கிறது, நாட்டின் மிகக் கனமான மரங்களில் ஒன்று, தண்ணீரில் மூழ்கும். உடலுக்குப் போட்டால் தூக்க முடியாது. ஆறு மில்லிமீட்டர் பட்டைக்கு அந்தக் கனம் ஒரு பொருட்டே இல்லை. பழைய புளியமரத்தின் வயிரம் இன்னொன்று. கருஞ்சிவப்பு, உலக்கை செய்த மரம், விரல் தேய்த்துத் தேயாது. இரண்டுக்கும் அமெரிக்க அதிகாரிகள் ஆலைக்குள் நுழைய மாட்டார்கள்.

மெழுகும் கணக்கும்

வீணையில் 24 மெட்டுகளும் நிற்பது மெழுகில். மேளம் கட்டுகிறவர், அதாவது மெட்டுகளைப் பதிக்கிறவர், ஒவ்வொன்றையும் வாசித்துக் கேட்டு, இளகிய மெழுகில் நகர்த்தி, சுருதி சேர்ந்த இடத்தில் விடுகிறார். காதுதான் அளவுகோல். தப்பினால் சூடு காட்டி மறுபடி நகர்த்தலாம். கிட்டாரில் அந்தச் சலுகை கிடையாது. மரத்தில் ரம்பக் கீறல் போட்டு, உலோகக் கம்பியைச் சுத்தியால் அடித்து இறக்கியபின் அது நிரந்தரம்.

ஆகவே கணக்கு. கம்பியின் அதிரும் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் தூரம். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் 12-வது ஃப்ரெட் சரியாகப் பாதியில் வந்து நிற்கும். ஃபெண்டர் அளவான 648 மில்லிமீட்டருக்கு முதல் ஃப்ரெட் 36.4-ல், பன்னிரண்டாவது 324-ல். பிசகினால் காது காட்டிக்கொடுக்கும். தூரத்தை ஒவ்வொரு ஃப்ரெட்டாக அளந்துகொண்டே போகாமல் எல்லாவற்றையும் முனையிலிருந்தே அளந்து குறிப்பது நல்லது. இல்லாவிட்டால் சின்னப் பிசகுகள் கூடிப் பெரிசாகும்.

வீணைக்கும் கிட்டாருக்கும் கொடுக்கல் வாங்கல் ஒன்று ஏற்கெனவே நடந்திருக்கிறது. கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பதைக் கண்டவர், தன் கிட்டாரின் விரல் பலகையை ஃப்ரெட்டுகளுக்கு நடுவே பள்ளமாகத் தோண்டச் சொன்னார். விரல் மரத்தில் உரசாது, கம்பி வீணைத் தந்திபோல் வளையும். எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராமோடு சக்தி குழுவில் அவர் வாசித்தது அப்படிப்பட்ட கிட்டாரைத்தான். கர்நாடக சங்கீதத்தை மின் கிட்டாரில் சுகுமார் பிரசாத் வாசித்தார், ஆர். பிரசன்னா வாசிக்கிறார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் தன் கருவியின் எட்டுக் கம்பிகளை ஐந்தாகக் குறைத்து, மின்சாரத்தையும் சேர்த்துக்கொண்டார். இளையராஜாவே இசையமைப்பாளர் ஆகும் முன் ஜி.கே. வெங்கடேஷிடம் கிட்டார் வாசித்தவர். வாசிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. கமகத்துக்கென்றே பள்ளம் தோண்டிய விரல் பலகையோடு ஒரு கிட்டார் வேண்டும் என்றால், கடையில் தொங்கும் கிட்டார்களில் அதைக் காண்பது அரிது. அப்படி ஒரு தேவைக்குத்தான் கைவேலைக்காரர் வேண்டும்.

பிக்கப்பும் அப்படியொன்றும் மந்திர வித்தை இல்லை. ஆறு காந்தத் துண்டு, அவற்றைச் சுற்றி முடியைவிட மெல்லிய 42 கேஜ் எனாமல் செப்புக் கம்பி, ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று. பம்ப்செட் மோட்டார் எரிந்தால் காயில் கட்டித் தரும் கடை கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் எந்தச் சந்தையூரிலும் இருக்கும். அவர்கள் கட்டுவது தடித்த கம்பி. மெல்லிய கம்பிக்குச் சுழற்றும் வேகமும் இழுவையும் மாறும், அவ்வளவுதான். பிரையன் மேகூட முதலில் தானே சுற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு கடையில் வாங்கி மாட்டினார்.

நூறு கிலோமீட்டருக்குள்

இது வெறும் ஆசைப் பேச்சா என்று கேட்பவர்கள் விழுப்புரம் மாவட்டத்தின் ஆரோவில் வரை போய்வரலாம். மணலூர்பேட்டையிலிருந்து நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கிறது. எரிசா நியோகி அங்கே பல ஆண்டுகளாகக் கிட்டார்களைக் கையால் செய்து தருகிறார். அதே ஆரோவில்லில் 2003-ல் தொடங்கிய ஸ்வரம் பட்டறை, சுற்றுக் கிராமத்து இளைஞர்களுக்கு இசைக்கருவி செய்யக் கற்றுக்கொடுத்தே வளர்ந்தது. அந்த இளைஞர்களில் பலர் தச்சுக் குடும்பத்தில் பிறந்தவர்கள்கூட இல்லை. பிறந்தவர்கள் இருக்கும் வட்டத்தில் இது இன்னும் சுலபமாக நடக்க வேண்டும்.

நடக்காததற்குக் காரணமும் இருக்கிறது. கிட்டார் வாங்குகிறவர் பெரும்பாலும் மரத்தை வாங்குவதில்லை, தலைப்பகுதியில் எழுதியிருக்கும் பெயரை வாங்குகிறார். நாளை விற்க வேண்டும் என்றால் ஃபெண்டர் என்ற எழுத்துக்கு விலை உண்டு, கள்ளக்குறிச்சி என்ற எழுத்துக்கு இன்னும் இல்லை. கொல்கத்தாவில் கிப்சன் பெயரின் சாயலில் 'கிவ்சன்' என்று ஒரு கிட்டார் பிறந்ததே இந்தச் சந்தையின் மனசைச் சொல்லும். இரண்டாவது காரணம், சிற்பத் தச்சருக்கு உதவ வருகிறவர்கள் எல்லோரும் அவரிடம் சிற்பத்தையே கேட்கிறார்கள். கிட்டார் என்றாலும் உடலில் நடராசரைச் செதுக்கித் தரச் சொல்வார்கள். அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம், மேடையில் வாசிக்க முடியாது. செதுக்கும் ஆசையை முதல் பத்துக் கிட்டார்களுக்காவது அடக்கி வைத்து, கழுத்து நேராக நிற்கிறதா, ஃப்ரெட் சமமாக இருக்கிறதா, மழைக்காலத்தில் சுருதி பிடிக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர் ஜெயிப்பார். புவிசார் குறியீடு வாங்கித் தந்த அதிகாரிகளும் கைவினைப் பயிற்சித் திட்டங்களில் ஒரு முறை இசைக்கருவிக்கும் இடம் கொடுத்துப் பார்க்கலாம்.

வீட்டிலேயே முயன்று பார்க்க நினைக்கும் வாசகருக்கு: முதல் கிட்டாருக்குக் கழுத்தை விலைக்கு வாங்கிவிடுங்கள், பிக்கப்பையும்தான். உடலை மட்டும் செய்யுங்கள். சந்தனம், ஈட்டி பக்கமே போக வேண்டாம். வனத்துறை அனுமதி, ரசீது என்று அலையாமல் கிடைக்கும் மரம் ஏராளம். தூங்குமூஞ்சியில் தொடங்கலாம். மரவாடிக்குப் போகும்போது பையில் ஒரு ஈரமானி இருக்கட்டும். அதில் 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால், பலகை எத்தனை அழகாக இருந்தாலும் அங்கேயே சாய்த்து வைத்துவிட்டு வாருங்கள்.